வரிசையில் ஓர் இடம்

ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து நாலைந்து பேர் எங்கள் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் பயிற்சிக்கு வருவார்கள். புதுச் சேலை, புது அடையாள அட்டை, முகத்தில் கொஞ்சம் பயம். வந்த முதல் நாளே யாராவது ஒருவர் கேட்பார்: "டீச்சர், சிறப்புக் கல்வியோட முக்கியமான கருத்துகளக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"ரெஸ்ட் டைம்ல கெண்டினுக்குப் போயி சாப்பாட்டு வரிசையப் பாருங்க. அப்புறம் வந்து பேசலாம்," என்பேன். துரத்திவிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. காலை நேரத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஆனால் அவர்கள் கேட்கும் கருத்தெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும், என் மாணவர்கள் யாரும் அந்த வரிசையில் நிற்பதில்லை என்று. நிற்க விட்டால்தானே? "பாவம் லா, அவன முன்னுக்கு விடு," என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். கெண்டின் அக்கா கையில் தட்டோடு காத்திருப்பார். புக்கிட் ரோத்தானில் மளிகைக் கடை, கோல சிலாங்கூரில் கிளினிக், சபாக்கில் கல்யாணச் சாப்பாடு, எங்கே போனாலும் இதே கதைதான். எங்கள் ஜனங்களுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் மல்லுக்கு நிற்பதெல்லாம் அந்த இரக்கத்தோடுதான்.

இதை எனக்கு அழுத்தந்திருத்தமாகப் புரியவைத்தவள் ஒரு பிள்ளை. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். அதைச் சொல்லிவிட்டதால் அவளைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குக் கைதட்டப் பிடிக்கும், மஞ்சள் நிறம் பிடிக்காது, யாராவது தும்மினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வார்த்தைகள் கொஞ்சம்தான். அவற்றைச் சத்தமாகச் சொல்வாள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்து லய வீடுகளை இடித்தபோது பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்த கிறிஸ்துவக் குடும்பம்.

அந்த அம்மா ஒருநாள் வேலைச் சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவர்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது எல்லாரும் வரிசையாகப் போய் ஃபாதரிடம் அப்பம் வாங்குவார்கள். இன்னும் அப்பம் வாங்கும் வயது வராத பிள்ளைகள் தலையில் ஆசி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இவளை எல்லாரும் முன்னுக்கு அனுப்பித்தான் பழக்கம். "நீ போம்மா, நீ போம்மா." வரிசை என்றால் தான் ஓடிப்போய் முதல் ஆளாக நிற்க வேண்டிய இடம் என்று அவள் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. அப்படித்தான் ஊரே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஒரு ஞாயிறு அப்படியே ஓடினாள். ஆனால் இப்போது அவள் மூன்று வயதுக் குழந்தையில்லை, கனத்த பிள்ளை. அவள் இடித்ததில், கைத்தடி ஊன்றி நின்ற பெரியவர் ஒருவர் தடுமாறி ஃபாதர் மேல் சாய, பாத்திரம் தட்டி அப்பங்கள் தரையில் சிதறின. அவர்களுக்கு அது சாமியின் உடல். அத்தனை வருடம் "நீ போம்மா" என்று சொன்ன அதே வாய்களில் ஒன்று, "இந்தப் பிள்ளைய ஏன் கூட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டது.

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் பூசை முடியும்வரை வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் மரத்தடியில்தான் நின்றார்கள். உள்ளே அவள் வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக அப்பம் வாங்கும் விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் நல்லவர். வரிசையில் வர முடிந்தால் மற்றவர்களோடு வரட்டும், இல்லையென்றால் நானே வீட்டுக்கு வந்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்து குடுக்கறது படுத்த படுக்கையா கெடக்கற சீக்காளிக்கு, டீச்சர்," என்றார் அந்த அம்மா. "எம்பிள்ள சீக்காளி இல்ல. அவ மத்த பிள்ளைங்களோட நிக்கணும். அவ்ளோதான்."

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள் நான். பூசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வரிசை தெரியும். "நிக்க வைக்கிறேன்," என்றேன். ஒரு ஆசிரியர் அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். கொடுத்துவிட்டேன்.

அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் அந்தப் பள்ளித் தவணைக்கு எண்களும் எழுத்துகளும் இருந்தன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளி, வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பது என்பதை முதலில் வைத்தேன். நிற்பது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய வேலை. கடைசி ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் போக வேண்டும். கை நீட்டும் தூரம் விட வேண்டும். அவர் நகர்ந்தால் நகர வேண்டும், நகராவிட்டால் நகரக் கூடாது. வேறு எதையும் பார்த்து ஓடிவிடக் கூடாது. நமக்கு ஒன்றாகத் தெரிவது அவளுக்கு இத்தனை துண்டு. துண்டு துண்டாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவள் பாதத்தையே சிவப்பு அட்டையில் வரைந்து, வெட்டி, வகுப்பில் வரிசையாக ஒட்டினேன். தன் பாதம் தரையில் கிடப்பதைக் கண்டு அவளுக்கு ஒரே குஷி. ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று கைதட்டினாள். சீக்கிரமே பழகிக்கொண்டாள். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

அவளைப் பழக்கியது சுலபம். மற்றவர்களைப் பழக்கியதில்தான் என் தொண்டை போனது. கெண்டினில் பாதங்களை ஒட்டி அவளை நிற்க வைத்தால், கெண்டின் அக்கா எல்லார் தலைக்கும் மேலாக மீ நூடுல்ஸ் தட்டை நீட்டுவார். "அக்கா, முன்னால நிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுக்காம இவளுக்குக் குடுத்தா நாளைலருந்து நான் இங்க சாப்பிட மாட்டேன்!" என்று கத்தினேன். எங்கள் வகுப்பு உதவியாளர் என்னைவிட மூத்தவர், எல்லாரையும் "கண்ணு" என்று கூப்பிடும் மனுஷி. அவரே என் முதுகுக்குப் பின்னால் இவளை நைசாக முன்னுக்குத் தள்ளிவிடுவார். பிடித்துக் கேட்டால், "பசிக்குது டீச்சர் பிள்ளைக்கு. உங்களுக்குக் கல்லு மனசு," என்பார்.

"எல்லாப் பிள்ளைக்கும்தான்கா பசிக்குது," என்பேன். ஆறாம் ஆண்டுக்கும் போய்ச் சொன்னேன்: இவளுக்கு வழிவிடுவது உதவியில்லை, பக்கத்தில் நின்று பேசுங்கள், அதுதான் உதவி. பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. பெரியவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபாதரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை மதியம் கோயிலில் ஒத்திகை வைத்தோம். விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இவள் தரையைப் பார்த்தாள். சிவப்புப் பாதம் இல்லை. குனிந்து பெஞ்சுகளுக்கு அடியில் தேடினாள். அங்கேயும் இல்லை. நடைபாதை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன கெஞ்சியும் எழவில்லை. அவள் அம்மா ஒரு தூணோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

என்னோடு வந்திருந்த பயிற்சி ஆசிரியை, "டீச்சர், பாதத்த இங்கயும் ஒட்டிடலாமே?" என்றார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் இங்கே ஒட்டினால் கிளினிக்கிலும் ஒட்ட வேண்டும், கடையிலும் ஒட்ட வேண்டும், காலமெல்லாம் நான் கையில் பசையோடு அவள் பின்னால் அலைய வேண்டும். ஆதரவு கொடுப்பது பாதி வேலை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவது மீதிப் பாதி. பயிற்சி முடித்து வருகிற பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன். முதலில் பாதத்தின் விரல்களை வெட்டினேன். அவள் கவனித்தாள், முறைத்தாள், ஆனாலும் நின்றாள். அப்புறம் குதிகால் போனது. அப்புறம் பாதி. பிறகு ஒரு சிவப்புப் பொட்டு. கடைசியில் பொட்டும் போனது. தரையைத் தேடிய கண் மெல்ல மேலே வந்து, முன்னால் நிற்பவரின் முதுகில் நின்றது. ஒரு முதுகு இருந்தால் போதும், அவளுக்கு அது வரிசை. முதுகு எல்லா ஊரிலும் கிடைக்கும்.

பள்ளி வேனுக்கு, ரொட்டிக் கடைக்கு, கிளினிக் மருந்துச் சன்னலுக்கு என்று விதவிதமான வரிசைகளில் நிற்க வைத்தோம். வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் கடலை கொடுப்பார்கள். அங்கே கூட்டிப் போகலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "வரிசைக்கு ஏது டீச்சர் மதம்?" என்றார் அந்த அம்மா. அங்கே ஒரு தடவை யாரோ "முன்னுக்கு வாம்மா" என்று கூப்பிட, பழைய பழக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கூட்டி வந்து மறுபடி கடைசியில் நிறுத்தினேன். அழுதாள். கோயிலில் பாதிப் பேர் என்னை அரக்கியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். பார்க்கட்டும். அடுத்த வாரமும் கூட்டிப் போனேன்.

விழா நாள் வந்தது. நானும் உதவியாளரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கைக்குட்டையோடு தயாராக வந்திருந்தார். நான் திருநீறோடு. பிள்ளைகள் வெள்ளை உடையில் பாட்டோடு எழுந்து நின்றார்கள். இவள் நடுவில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பையனுக்குப் பின்னால். கை நீட்டும் தூரம் விட்டிருந்தாள். அவள் அம்மா பல மாதத்துக்குப் பிறகு பூசை நேரத்தில் கோயிலுக்குள் இருந்தார். உட்காராமல், கதவோரமாக.

அப்போதுதான் அது நடந்தது. பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நல்ல மனசுக்காரர், கண் கலங்க இவளைப் பார்த்தார். முன்னால் இருந்த பிள்ளைகளின் தோளைத் தொட்டு ஒவ்வொருவராக ஒதுக்கினார். "வழி விடுங்கப்பா, அவ மொதல்ல வாங்கட்டும். பாவம். நீ போம்மா, நீ போ."

பிள்ளைகள் ஒதுங்கினார்கள். எண்ணெய்த் தலைப் பையனும் ஒதுங்கினான். அவளுக்கு முன்னால் ஒரு முதுகுகூட இல்லை. நேர்க்கோட்டில், அந்தக் கோடியில் ஃபாதர், கையில் அதே பாத்திரம். உதவியாளர் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார். எத்தனையோ வரிசையில் நிற்கப் பழக்கியிருந்தேன். வரிசையே கலைந்து வழிவிட்டால் என்ன செய்வது என்று பழக்கவே இல்லை. ஓடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பாதி எழுந்துவிட்டேன்.

அவள் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒதுங்கி நின்ற பையனைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். கை நீட்டி அவன் வெள்ளைச் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து, இழுத்து, தனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நில்லு," என்றாள். கோயில் முழுக்கக் கேட்டது.

பையன் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். வரிசை மறுபடி வரிசையானது. அந்தப் பெண்மணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் பிள்ளையைக் கூப்பிட்டார். முன்னால் நகர்ந்தபோது இவள் நகர்ந்தாள், நின்றபோது நின்றாள். அவள் முறை வந்தது. வாங்கிக்கொண்டு சொன்ன ஆமென் மற்ற எல்லாப் பிள்ளைகளின் ஆமெனையும் சேர்த்தாலும் எட்டாத சத்தம். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த கைக்குட்டையை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். அந்தப் பெண்மணி அவசரமாக வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. பாவம், அவ மொதல்ல வாங்கட்டுமேன்னு..."

அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை. மோட்டார் சைக்கிள்களுக்கு அந்தப் பக்கம் இருந்த மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு பெருமையோடு சொன்னார்:

"பாவம் இல்லீங்க. எம்பொண்ணு ஏழாவதா நின்னா. ஏழாவதா வாங்குனா."