மருந்துக்கடை இருந்த இடம்

மருந்துக்கடை என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தவன் நான். வீட்டில் ஒரு அலமாரி நிறைய அகராதி இருக்கிறது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பலகாரக் கடை வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் வெகுநாள் ஆசை. அதுவரை வீட்டு அடுப்பில் சீப்புச்சீடையும் மனகோலமும் செய்து விற்றுவந்தாள். காரைக்குடி கடைத்தெருவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. "முன்னாடி மருந்துக்கடை இருந்துச்சு" என்றார் கட்டடக்காரர். மாத்திரை விற்ற இடத்தில் கிருமிகூட இருக்காது என்று சாவியை வாங்கிவந்துவிட்டேன்.

சாமான் இறக்கும்போது சர்க்கரை கொஞ்சம் கொட்டியது. மறுநாளும் அப்படியே கிடந்தது.

"பாத்தியா, பலகாரக் கடைக்குன்னே எறும்பு வராத இடம்!"

அவள் சிரிக்கவில்லை. "ஏன் வரலைன்னு யோசிச்சீகளா?"

கட்டடக்காரரிடம் ஓடினோம். "மெடிக்கல்னா மெடிக்கல்னு சொல்லியிருக்க மாட்டேனா? இது நெல்லுக்கு அடிக்கிற மருந்துங்க. புதுவயல்லருந்துகூட வந்து வாங்குவாக."

"சின்னப் பிள்ளைக திங்கிற பண்டம். சோதிச்சுப் பாக்காம அடுப்பு மூட்ட மாட்டேன்" என்றாள் அவள்.

ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் கழுவிவிடும் பழக்கத்தில் தரை முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவி வைத்திருந்தேன். "கழுவாம விட்டிருக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரப் பஞ்சால் சுவரைத் துடைத்தெடுத்தார்; மூலைச் சிமெண்டைப் பெயர்த்துச் சீசாவில் போட்டார். என்றைக்கோ சிந்திய மருந்து சிமெண்டுக்குள் இறங்கி இன்னும் போகாமல் இருக்கிறது என்று முடிவு வந்தது.

முணுமுணுத்தாலும் கட்டடக்காரர் நல்லவர். தரையைப் பெயர்த்து, சுவர்ப்பூச்சைச் சுரண்டி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக்கொடுத்தார். மறுசோதனையில் எதுவும் இல்லை என்று தெரிந்த அன்று அவள் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுப்பு எங்குட்டு, கல்லா எங்குட்டு என்று கைநீட்டிக் காட்டினாள். அந்த முகத்தைப் பார்க்க நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கடை திறந்ததும் முதலில் வந்த அம்மா ஒரு பாக்கெட் சீடையைக் கையில் எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தைரியமா வாங்குங்க. இந்தக் கடையில பூச்சிமருந்து இல்லைன்னு சோதிச்சே சொல்லிட்டாக."

அவர் என்னைப் பார்த்தார். சீடையைப் பார்த்தார். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை.

"நாளைக்கு நீங்க வீட்டுலயே இருங்க. போணி ஆகட்டும்."