சாலைக்குப் போகாத பாதி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரை எளாவூர் வீட்டில்தான் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அதிலிருந்து அவரை வெளியேற்ற அதிகம் பாடுபட்டவன் நான்.

அண்ணன் எளாவூரில் பிறந்தார். எங்கள் தந்தை இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலையில் சேர்ந்தார். அவர் உலைச் சூட்டில் நின்றதால்தான் நான் கல்லூரியில் உட்கார முடிந்தது. பிறகு வருவாய்த் துறையில் எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள். யார் எங்கே வசிக்கிறார் என்று சான்று கொடுத்துக் கொடுத்து, அவ்விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பாதி போனது. மிஞ்சியவை சமையலறை, ஓர் அறை, கிணற்றடி. மிச்சத்தையும் அரசே எடுத்துக்கொள்ளக் கேட்டு, உரிய இணைப்புகளுடன், எந்த அதிகாரியும் குறை காண முடியாத விண்ணப்பம் ஒன்றை எழுதி எடுத்துப் போனேன். வேப்பம்பட்டில் என் வீட்டருகே அவருக்கொரு வீடும் பார்த்து வைத்திருந்தேன்.

அண்ணன் அதை முழுவதும் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"நல்லாத்தான் எழுதிக்கீற நைனா. எவனோ ஒருத்தன் ஊட்டப் பத்தி எழுதுன மாதிரி."

"பாதி ஊட்ல எப்படிண்ணா இருப்பீங்க?"

"போன பாதியில யாரு இருந்தா? நீயும் கல்யாணப் பத்திரிகை வெக்க வர்றவங்களும் உக்காந்தீங்க. நானும் உங்க அண்ணியும் இருந்தது இந்தப் பாதி."

அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "பேஜாரு பண்ணாதீங்க தம்பி. நாஷ்டா துன்னுட்டுக் கெளம்புங்க."

இடிப்பதற்கு முன்பே தலைவாசல் நிலையை அண்ணன் பெயர்த்து வைத்திருந்தார். மஞ்சள் குங்குமமிட்டு, அதைக் கிணற்றுப் பக்கம் நிறுத்தினார். தெற்குப் பார்த்த வாசல் ஆகாதே என்றேன். "காத்து வருது பாரு" என்றார். அதை மறுக்க என்னிடம் அரசாணை ஏதும் இல்லை.

சென்ற ஆண்டு அவருக்கு நோய் முற்றியது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றனர் மருத்துவர்கள். வேப்பம்பட்டில் கட்டில், ஆக்சிஜன் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அண்ணன் கண் திறந்தார்.

"எங்க இட்டுக்கினு போற?"

"ஊட்டுக்குத்தாண்ணா."

"எந்த ஊட்டுக்கு?"

அவர் என்னிடம் வாழ்நாளில் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அன்றும் அதற்குமேல் கேட்கவில்லை. ஓட்டுநரிடம் எளாவூர் போகச் சொன்னேன்.

இருபத்தொரு நாள் இருந்தார். நானும் அங்கேயே தங்கினேன். கூடம் இல்லாத வீட்டில் விருந்தாளியாக இருக்க வழியில்லை. தண்ணீர் இறைத்தேன், வெங்காயம் உரித்தேன், அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தேன். உரித்த வெங்காயத்தைப் பார்த்து அண்ணன் சிரித்தார். ஒரு காலையில், அண்ணி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவர் மூச்சு அமைதியாக அடங்கியது.

ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த பக்கத்து வீட்டாருக்கும், முறைவைத்து உடனிருந்த ஆலை நண்பர்களுக்கும், இறுதிச் சடங்கன்று தங்கள் வண்டிகளைத் தாமாகவே தள்ளி நிறுத்திய, பெயர் தெரியாத லாரி ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி இனி எங்கே இருப்பார் என்று பலர் கேட்கிறீர்கள். அங்கேதான் இருப்பார். வரும்போது சாலைப் பக்கம் கதவைத் தேடாதீர்கள். கிணற்றடியைச் சுற்றி நேரே சமையலறைக்குள் வந்துவிடுங்கள்.