ஏல்கோவின் சுண்டுவிரல்

ஏல்கோ இடது உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். கை படியவில்லை. சுண்டுவிரலுக்கு அடியில், பீர் கோப்பைக்குக் கீழே வைக்கும் அட்டையைச் செருகிப் பார்க்கிறார். இரண்டு அட்டை தாராளமாய் நுழைகிறது. காபி வருவதற்குள் தினமும் இந்தப் பரிசோதனை நடந்தாக வேண்டும். "நேத்தைக்கு இது பரவால்லடா" என்பார் என்னிடம். நேற்றும் இதையேதான் சொன்னார்.

வடகடல் ஓரத்து எங்கள் டெல்ஃப்சைல் துறைமுகத்தில் ப்ளூஸ் இசை என்றால் ஏல்கோ ஹாம்மிங்காதான். ஜெனீவர் சாராய பாட்டிலின் கழுத்தை அறுத்தெடுத்த கண்ணாடிக் குழாயைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கிதார் கம்பிகள்மேல் வழுக்குவார். கம்பி அழும். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடிப்பவன். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டை வேனில் ஹாம்பர்க், பெர்கன் என்று சுற்றினோம். இரண்டு இசைத்தட்டு போட்டோம், இரண்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. மிச்சமிருப்பது ஃபென்னாவின் மதுக்கடையில் ஞாயிறு மதியக் கச்சேரி மட்டும்தான். அதற்காகத்தான் அவர் வாரம் முழுவதும் மூச்சு விடுகிறார்.

அவர் பாட்டுகளில், ப்ளூஸ் பிறந்த மிசிசிப்பிக் கரையின் பருத்திக்காடும் வெள்ளமும் வரும். "பருத்திய நீ உன் சட்டைலதானய்யா பாத்திருக்க" என்று ஃபென்னா கிண்டலடிப்பாள். அவரும் சட்டையைத் தடவிப் பார்த்து, இது பாலியெஸ்டர் என்பார்.

உள்ளங்கையில் சதை முடிச்சுப் போட்டு விரலை உள்ளே இழுக்கிறதாம். இந்த வடகடல் ஓரத்து ஆண்களுக்கு வழிவழியாய் வருவது என்றார் டாக்டர். அறுத்து நிமிர்த்தலாம், மறுபடி மடங்கவும் செய்யலாம். ஏல்கோவின் அப்பாவுக்கு மடங்கிய கை சவப்பெட்டியிலும் விரியவில்லை. வேறு விரலில் குழாயை மாட்டலாமே என்றேன். மோதிர விரலைக் காட்டினார். அதுவும் குனியத் தொடங்கியிருந்தது.

"துக்கத்த எல்லாம் மிசிசிப்பிலேர்ந்து இரவல் வாங்குனேன்டா. இந்த விரல் ஒண்ணுதான் நம்ம ஊர்ச் சரக்கு. இத வச்சு ஒரு பாட்டு வாசிக்க முடியல பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு, அவரே கட்டிய மெதுவான பாட்டு. பாதியில் குழாய் கோணிக்கொண்டது. சுருதி இறங்கி, கம்பி தகரம் போல் அதிர்ந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி இறங்கியது. மூன்றாம் முறை அவர் கையைத் தூக்கவில்லை. நானும் குச்சியைத் தாழ்த்தினேன். பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஃபென்னா ஜெனீவரை விளிம்புவரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அப்படி ஊற்றினால், எங்கள் ஊர் வழக்கப்படி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே முதல் மடக்கை உறிஞ்ச வேண்டும். அதற்குப் பிறகு கையால் எடுக்கலாம். ஏல்கோ குனிந்து உறிஞ்சினார். எல்லோரும் அவர் நிமிரக் காத்திருந்தார்கள். அவர் நிமிரவில்லை. முதுகுக்குப் பின்னால், எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில், வலது கை இடது சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தது.