வாசலில் நின்று பட்டம் சொல்லும் வேலை

லண்டனில் பெரிய விருந்துகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மண்டப வாசலில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்று, வருகிறவரின் பட்டத்தையும் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். நான் வேலை செய்யும் ஹோட்டலில் பல வருடங்களாக அதைச் செய்தவர் முழங்கால் சத்திரசிகிச்சையோடு ஓய்வுபெற்றார். நான் மேலாளரிடம் போய், "நான் செய்கிறேன்" என்றேன். ஒரு விருந்துக்குச் செய்து பார், சரிவந்தால் வேலை உனக்கே என்றார்.

அது பிரித்தானிய இராணுவ அதிகாரிகளின் விருந்து. அமெரிக்க அதிகாரிகளும் வருவதாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க ஹவுன்ஸ்லோ வீட்டில் ஒத்திகைக்கு எங்கள் சமையலறைக் கதவுதான் மண்டப வாசல். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அப்பா, ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடு கதவில் வந்து நிற்பார்.

"இண்டைக்கு நான் ஆர்?"

"கேணல், அப்பா."

"நேற்றும் கேணல்தானே. இன்னும் பதவி உயர்வு வரேல்லையோ?"

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "கேணல் முதலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வரட்டும்."

ஊரில் கேட்டுப் பழகிய 'லெப்டினன்' என்ற இராணுவப் பட்டம் அப்பா, அம்மா இருவருக்கும் புதிதில்லை. பிரித்தானியர் சொல்லும் 'லெஃப்டெனன்ட்' அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கர்களோ அதே எழுத்துகளை 'லூடெனன்ட்' என்பார்கள். கேணலில் அவ்வளவு சண்டையில்லை; அமெரிக்கர் நாக்கை மடித்து நடுவில் ஒரு 'ர்' சேர்ப்பதோடு சரி.

எதைச் சொல்வது என்று மேலாளரைக் கேட்டேன். "இது லண்டன். எல்லோரும் லெஃப்டெனன்ட்தான்" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "அவரின்ரை இடம், அவர் சொல்லுறதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உன்ரை பட்டமளிப்பிலை கேட்டுத்தானே சொன்னவை" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் பெயர்தான் என் கடைசிப் பெயர். பட்டமளிப்பு மேடைக்கு ஏறுமுன் ஒருவர் அதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, பிறகு ஒலிவாங்கியில் பிழையில்லாமல் அறிவித்தார். அப்பாவின் வேலைத்தளத்தில் எல்லோரும் வெட்டிச் சுருக்கிக் கூப்பிடும் பெயர் மண்டபத்தில் முழுசாகக் கேட்டதும், அப்பா கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

விருந்தன்று, ஓய்வுபெற்றவரின் சிவப்புக் கோட்டின் கை நீளத்தை அம்மா உள்ளே மடித்துத் தைத்திருந்தார். பாதி விருந்தினர் உள்ளே போனபின் ஓர் இளம் அமெரிக்க அதிகாரி தன் அட்டையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஓர் இளம் பிரித்தானிய அதிகாரி. இரண்டு பேருக்கும் ஒரே பட்டம். மேலாளர் தூணருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கு நான் பழையபடி மேசைக்குத் துணி விரிக்கப் போகவேண்டும்.

"உங்களை எப்படி அறிவிக்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கள் ஊரில் லூடெனன்ட். இங்கே எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை."

அப்பாவும் வேலைத்தளத்தில் பரவாயில்லை என்றுதான் சொல்லி வருகிறார். நான் குரலை உயர்த்தி 'லூடெனன்ட்' என்றேன். அவள் தோளை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். மேலாளரின் புருவம் ஏறியது. அடுத்தவரை 'லெஃப்டெனன்ட்' என்றேன். உள்ளே சிலர் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. விருந்து கொடுத்த கேணல் மேலாளர் பக்கம் திரும்பி, "இரண்டுமே சரி" என்றார்.

எல்லோரும் போனபின் மேலாளர் என்னிடம் வந்தார். "அந்தக் கோட்டை உன் அளவுக்குத் தைக்கக் கொடு" என்றார்.

அடுத்த நாள் காலை அப்பா சமையலறைக் கதவில் வந்து நின்றார்.

"என்னெண்டு சொல்ல, அப்பா?"

"பட்டமொண்டும் வேண்டாம். பேரைச் சொன்னாக் காணும்."

முழுப் பெயரையும் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி.

"ஓம், கேட்டுது" என்றார் அம்மா. "வந்து சாப்பிடச் சொல்லு."