தெற்கு வாசல் என்றவர்

ஜனவரி எட்டு, வியாழக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து வெந்நீர் குடித்தேன். டைரியில் குளிரின் அளவைக் குறித்தேன். ஒன்பது மணிக்கு, ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் வீட்டுப் புரோக்கர் வழி சொன்ன வீட்டைப் பார்க்கத் தனியாக நடந்தேன். வாங்கினால் கிழக்கு வாசல்தான் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

ஏற்காடு முழுவதும் பனிமூட்டம். வீடு கனவில் வருவதுபோல் மெல்ல எதிரே வந்தது. காவலுக்கு இருந்த அம்மாள், புடவைமேல் ஆண்கள் ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக, சுவரோரம் ஆளுயரம் அடுக்கிய விறகைத் தட்டித் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

"தெக்கு வாசலுங்க. வந்தவங்க அத்தனை பேரும் ஆகாதுன்னு போயிட்டாங்க."

திசைகாட்டியை எடுத்தேன். அவர் காட்டிய கதவு தெற்கேதான் இருந்தது. ஆனால் விறகுக்கு மேலே இன்னொரு கதவின் நிலை எட்டிப் பார்த்தது. அதில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக இருந்தன. அது நேர் கிழக்கு.

"இதுதானேம்மா தலைவாசல்?"

அவர் கை விறகின்மேல் அப்படியே நின்றது.

"ஏனுங்க, எல்லாரும் கதவத்தானுங்க பாத்தாங்க. வெறகப் போயி ஆரு பாக்கறாங்க, உங்களாட்டம்?" சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "ஊடு வித்துப்போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?"

திசைகாட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இறக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது வீடு தெரியவில்லை. விறகைத் தட்டும் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பொய் சொல்லி மறைத்த வாசலுக்கு யாருக்காகப் பொட்டு வைக்கிறார்?

மறுநாள் காலை, வெந்நீர் வைப்பதற்கும் முன்னால், புரோக்கருக்குப் போன் செய்தேன்.

"தெற்கு வாசல்தான். எங்களுக்கு ஒத்துவராது."