சுளகோடு பார்த்த நிலா வண்டி

'கொடுத்து வச்சவன்யா நீ' என்று ஒருவர் எழுதியிருந்தார். போன மாதம் வந்த அந்த ஒரு வரிக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நாலு வார்த்தையில் போடக்கூடிய பதிலாக அது இல்லை.

விஷயம் சின்னதுதான். என் வயதுக்காரர்கள் ஒரு காலத்தில் உயிரை விட்டுப் பார்த்த பொம்மைப்படத் தொடர் 'நிலா வண்டி'. டுக்கு என்ற ஒற்றைக் காது முயல், நிலாவுக்குத் தபால் கொண்டுபோகும் ஓட்டை வண்டி ஒன்றை ஓட்டும். வழியில் பள்ளம், புயல், பாலத்தைக் கழற்றிப்போடும் நரிக்கூட்டம். தமிழ்க் குரல்களோடு அது சிடியாக வந்தது, கொஞ்ச நாளில் கடைகளிலிருந்து காணாமலும் போனது. அதன் ரசிகர்கள் சேர்ந்து இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். குழுவில் ஒருவர் ஊர் ஊராகப் பரணில் கிடந்த பழைய சிடிகளை வாங்கி, படத்தைச் சுத்தம் செய்து, கதைகளை வரிசைப்படுத்தி, புதிய தட்டுகளில் பதிந்து ஆளுக்கொரு பெட்டி அனுப்பிவைத்தார். பெட்டி வந்த குஷியில், யார் யார் முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று குழுவில் பேச்சு ஓடியது. ஒருவர் சித்தப்பா வீட்டுச் சோபாவில். ஒருவர் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது. நான், 'போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், சூப்பர்வைசர் வீட்டில், ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டே' என்று எழுதினேன். இதயங்களாகக் கொட்டின. 'மலை, சாரல், ஏலக்காய் வாசம், கூடவே நிலா வண்டி! கொடுத்து வச்சவன்யா நீ.'

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே அதை ஒரு பெருமையாகத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரையில் நான் தங்கியிருக்கும் அறையில், முதல் தட்டைப் போட்டேன். இரண்டாம் கதையில் டுக்கு வண்டியோடு ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. குதித்து, அந்தப் பக்கம் இறங்கி, போயேவிட்டது. எனக்குத் திக்கென்றது. என் நினைவில் டுக்கு அந்தப் பள்ளத்தின் மேல் வெகுநேரம் அந்தரத்தில் நிற்கும். வாய் பிளந்தபடி, காது விறைத்தபடி, சக்கரம் சுழலாமல் நிற்கும். படமே அப்படித்தான் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி ரிமோட்டை அமுக்கி நிறுத்திவைத்ததால்தான் அது நின்றது என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை. குனிந்து பார்த்தேன். என் வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் எதையோ உருட்டி உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

தோட்டத்தில் அந்தப் படம் பார்த்த காலத்தில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு போடியில். அப்பா கேரளத்தில் தூரத்துத் தோட்டம் ஒன்றில் தங்கி வேலை பார்த்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா தினமும் விடியற்காலையில் ஜீப்பு ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு காய்க்கும். நாள் பூராவும் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மற்ற நாளெல்லாம் எனக்கும் மலைக்கும் சம்பந்தமில்லை. சனிக்கிழமை மட்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், அம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வாள். என்னைப் போல இன்னும் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள்.

காயை உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் வீடு. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் அக்கா என்போம். சிரித்த முகம். ஒரு நாளும் எங்களை அதட்டியதில்லை. செடிக்குள் அட்டை கடிக்கத் திரிந்த எங்களைக் கூப்பிட்டு, முன்னறையில் உட்காரவைத்து, பால் விடாத கட்டஞ்சாயாவும் ஆளுக்கு ஒரு ரஸ்க்கும் கொடுத்து, சிடி போட்டுக் காட்டியவள் அவள்தான். இரண்டாவது வாரம் எங்கள் முன்னால் தானியம் புடைக்கும் சுளகுகள் வந்தன. "கண்ணுதானே படம் பாக்குது. கை சும்மாதானே கெடக்கு, அப்பு?" என்றாள். ஸ்டோரிலிருந்து வந்த காய்ந்த காயைச் சுளகில் கொட்டி, பச்சை மாறாத முழுக்காய் ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல், வெளுத்துச் சுருங்கியது ஒரு குவியல் என்று பிரிக்க வேண்டும். கூலிக்குப் பெண்கள் செய்யும் வேலை அது. எங்களுக்கு அது விளையாட்டு.

விளையாட்டுக்கு ஒரு விதி இருந்தது. முழுக்காய்க் குவியலில் ஒரே ஒரு வெடித்த காய் தென்பட்டால் அக்கா படத்தை நிறுத்திவிடுவாள். திட்டமாட்டாள். "யார் சொளகுலயோ தப்பு இருக்கே. அதக் கண்டுபிடிச்சாத்தான் டுக்கு தரையில எறங்கும்" என்பாள். திட்டுகிற வேலையை நாங்களே பார்த்துக்கொண்டோம். தப்புச் செய்தவனை மண்டையில் கொட்டி, "ஒன்னாலதான்டா, வெரசா பொறுக்குடா" என்று நாங்களே விரட்டினோம். கங்காணி இல்லாமல் கங்காணி வேலை நடந்தது. இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிற புண்ணியவதி என்று நினைத்து, வாராவாரம் போடியிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோய் அந்த வீட்டுப் பின்வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் சொன்னேன். பெருமை தாங்காமல் சொன்னேன். ஒரு சாயங்காலம் ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. "எம்மா, நான் சொளகப் பாக்காமலே பிரிப்பேன். அக்கா என்னையத்தான் பஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க."

அம்மா என் கையை எடுத்து விரித்தாள். காய்ந்த காயின் காம்பு குத்திக் குத்தி நக இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"எம்புட்டு நேரம்டா பிரிப்பீக?"

"படம் முடியிற மட்டும்."

"படம் எம்புட்டு நேரம்?"

"நீ கூப்புட வர்ற மட்டும்."

ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இருந்து வரும் அத்தை, அவள் மகனும் என்னோடு சுளகு பிடிப்பவன்தான், சமாதானமாகச் சொன்னாள்: "விடு மதினி. காட்டுக்குள்ள திரியிறதுக்கு ஒரு எடத்துல ஒக்காந்திருக்குதுக. நமக்கும் நிம்மதிதான?"  போடி வரும் வரை அம்மா என் கையை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னை வீட்டிலேயே விட்டுப்போகப் பார்த்தாள். அன்றைக்குத்தான் கடைசிக் கதை போடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். நான் தெருவில் விழுந்து புரண்டேன். ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா என்னைத் தூக்கி உள்ளே போட்டாள்.

மத்தியானம். நிலாவுக்கு முந்தைய கடைசிப் பாலம். நரிகள் பலகைகளைக் கழற்றிவிட்டன, டுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து வேகம் பிடிக்கிறது. வண்டியின் முன்சக்கரம் பாலத்தின் விளிம்பைத் தொட்டபோது படம் நின்றது. அக்கா யாருடைய சுளகையோ கிளறிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து முன்வாசலில் அம்மா வந்து நின்றாள். இடுப்பில் காய்க்கூடை, முழங்கால் வரை சேறு. கூலிக்கு வருகிறவர்கள் யாரும் அந்த முன்வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"என்ன இந்நேரத்துல? காய் எடுக்கலையா?" என்றாள் அக்கா.

"எம்மகன் என்ன செய்றான்னு பாக்க வந்தேன்க்கா."

"படம் பாக்குறான். எம்புட்டுச் சமத்தா ஒக்காந்திருக்கான் பாரு."

"கை என்ன செய்யுது?"

"அட, வெளையாட்டுக்கு. பிள்ளைகளுக்குப் பொழுது போகணும்ல?"

அக்காவின் மகள் எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வயதுதான். அம்மா அவளைப் பார்த்தாள்.

"அப்ப ஒங்க பிள்ளைக்குச் சொளகு எங்க, அக்கா? அதுக்கும் பொழுது போகணும்ல?"

அந்தப் பெண் பொரிக் கிண்ணத்தை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "இதுக்கெல்லாம் கோவப்பட்டா எப்படி? நாளைக்கு இங்கதானே வரப்போறான். இப்பவே கை பழகட்டுமே" என்றாள், மிகவும் கனிவாக.

அம்மா கூடையை இறக்கிவைத்தாள். என் சுளகை எடுத்தாள். காலையிலிருந்து நான் பிரித்துவைத்திருந்த மூன்று குவியலையும் ஒன்றாகத் தள்ளி, கையை விட்டுக் கலக்கினாள். அடுத்தவன் சுளகையும் அப்படியே கலக்கினாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றையும் சாக்கில் திருப்பிக் கொட்டினாள். "கை பழகுறதுக்கு எம்மகன நான் கூட்டிட்டு வரல" என்றாள். சத்தம்கூட உயரவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டே அக்காவின் காலடிக்கு ஓடினேன். "அக்கா, எங்கம்மாவுக்குத் தெரியாதுக்கா. நான் மறுபடியும் பிரிச்சுத் தர்றேன்க்கா. எல்லாத்தையும் நானே பிரிச்சுத் தர்றேன். படத்த மட்டும் ஓட விடுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

அக்கா என் தலையைத் தடவினாள். அம்மாவைப் பார்த்து, "பாத்தியா? பிள்ளைக்கு இருக்கிற கூறு ஒனக்கு இல்லையே" என்றாள்.

அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். டுக்கு பாலத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் ஸ்டோரைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. படம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை அம்மா காய் எடுத்த செடிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சோறு போட்டுவிட்டு, "அந்த மொயலு கடைசீல என்னடா ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். நீதானே பார்க்கவிடவில்லை என்று கத்திவிட்டு எழுந்துபோனேன்.

போன மாதம் அந்தக் கடைசிக் கதையையும் பார்த்துவிட்டேன். டுக்கு பாலத்தைத் தாண்டிவிடுகிறது. தபாலைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அவ்வளவுதான். அதற்காகவா அந்த அக்காவின் காலடியில் விழுந்து என் அம்மாவைக் கூறு கெட்டவளாக்கினேன்? அக்காவின் மேல் வரும் கோபத்தில் பாதி எனக்கு உரியது என்று தெரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கோபித்து என்ன ஆகப்போகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில், ஜீப்புகள் நிற்கும் முக்கில், அம்மா தூக்குச்சட்டியோடு நின்றாள். அப்படியே பள்ளிக்கூடம் போக நானும் பையோடு கூட நின்றேன். பெண்கள் ஏறினார்கள். அம்மா ஏறப்போனபோது தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் கங்காணி கையைக் குறுக்கே வைத்தார். "லோடு நெறஞ்சிருச்சு ஆத்தா."

ஜீப்பின் பின்பக்கம் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

"நாளைக்கு வரவாண்ணே?"

"நாளைக்கும் நெறஞ்சிரும்."

பக்கத்து ஜீப்புக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். சேதி அதற்குள் அங்கேயும் போயிருந்தது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் தூக்குச்சட்டி மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே குதூகலம். என்னைப் படம் பார்க்கவிடாததற்குச் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஜீப்பு கிளம்பும்போது ஓடிப்போய், எங்கள் தெரு அத்தையிடம் கத்தினேன்: "அத்தே, கடைசிக் கதையில டுக்குக்கு என்ன ஆச்சுன்னு ஒங்க மகன்கிட்டக் கேட்டு வைங்க!" அத்தை என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி ஜீப்பும் போன பிறகு அம்மா தூக்குச்சட்டியை என் பைக்குள் வைத்தாள். "நேரமாச்சு, நட" என்றாள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அதைத் திறந்தேன். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். மலையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற ஓர் ஆளுக்கு அள்ளிவைத்த சோறு. அத்தனையையும் தின்றேன். தின்றுகொண்டே பக்கத்தில் இருந்தவனிடம், "எங்கம்மாவ வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கடா" என்று சொல்லிச் சிரித்தேன். ஏன் என்று அவன் கேட்டான்.

"தப்புப் பண்ணிருச்சுடா" என்றேன்.