மஞ்சள் கல்

என் இடது மணிக்கட்டு கோணலாய் இருக்கும். ஒடித்தவர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் நெற்றியில் இருக்கிற தழும்பு நான் கொடுத்தது.

எரியோட்டுப் பக்கமிருந்து வேடசந்தூர் நூல்மில்லுக்கு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சைக்கிளில் போவோம். சித்தப்பாவின் மகளும் எங்களில் ஒருத்தி. மெயின் ரோட்டில் லாரிக்காரனுக்கு நாங்கள் மனுசரே இல்லை. என் பக்கத்து மிஷினில் நின்றவளை ஒரு டேங்கர் அடித்து இழுத்துக்கொண்டு போனது. நசுங்கிய தூக்குச்சட்டியை நான்தான் பொறுக்கினேன். அதனால்தான், திண்டுக்கல்லிலிருந்து சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்று வந்து, குளத்துக்கரை, வாய்க்கால்கரை வழியாக ஊர்களை இணைத்து நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போடுகிறோம் என்றதும் முதல் ஆளாய் நின்றேன். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம். எங்களுக்கு உயிர்.

எங்கள் பக்கம் வழிகாட்டிக் கல் நடுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் மீந்து கிடந்தது மஞ்சள் பெயிண்ட். அதையே அடித்து நட்டேன். மஞ்சள் கல் நட்டால் நிலம் எடுக்க அளந்துவிட்டார்கள் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

கரையை ஒட்டி மல்லிகை போட்டிருந்த சித்தப்பா மண்வெட்டியோடு வந்தார். நாலுவழிச் சாலைக்குப் பாதி நிலத்தைப் பறிகொடுத்தவர்.

“யாரு நட்ட கல்லு இது?”

வெயில், பசி, அதற்குமேல் என் திமிர். “சர்க்கார் கல்லு. போயி சோலியப் பாருங்க” என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். நாசமாய்ப்போன வாய்.

மண்வெட்டிக் காம்பு என் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறு கையில் இருந்த பெயிண்ட் டப்பாவால் அவர் நெற்றியில் ஓங்கி அடித்தேன். ரத்தமும் மஞ்சளுமாய் மல்லிகைச் செடிக்குள் விழுந்தார். செத்துத் தொலை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ரெண்டு நாளில் கல்லெல்லாம் வாய்க்காலுக்குள் கிடந்தன. கரை நெடுக சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார் சித்தப்பா. கரை வழியாகப் போகத் தொடங்கியிருந்த பெண்கள் மறுபடி மெயின் ரோட்டில் ஏறினார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, சித்தப்பாவின் மகளை லாரி தட்டியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கையில் கட்டு, அவருக்கு நெற்றியில் கட்டு.

“அது சர்க்கார் கல்லு இல்ல சித்தப்பா. நாந்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“மறுநாளே நம்மூரு வி.ஏ.ஓ. சொல்லிட்டாரு, பாதைக் கல்லுதான்னு. பொம்பள கையால மண்டை ஒடஞ்சிருச்சேன்னு ரோசம். அம்புட்டுத்தான். முள்ளப் போட்டேன்.”

ஓங்கி அறைந்திருப்பேன். கட்டுப் போட்ட கைதான் அவர் பக்கம் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அரிவாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். மூன்று நாள் தனியாக முள்ளை அப்புறப்படுத்தினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. நான் நின்று பார்த்தேன், உதவவில்லை. பிறகு கல்லை எல்லாம் வாய்க்காலிலிருந்து எடுத்து, சுண்ணாம்பு அடித்து அவரே நட்டார்.

அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தப்பா மகள் என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

“யக்கா, கரைப்பாதை தொறந்துருச்சா?”

“தொறந்தாச்சு.”

“யாருக்கா அடைச்சுப் போட்டது?”

சித்தப்பா முள் கிழித்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டார், நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.